முன்னாள் படைவீரர் குடும்பமும் மூன்று வாசல்களும்

கொச்சியில் தோப்பும்படியை அறிந்தவர்கள் அங்குள்ள பழைய பாலத்தையும் அறிந்திருப்பார்கள். துறைமுகம் உருவான காலத்துப் பாலம் அது. கப்பல் வரும்பொழுது நடுப்பகுதியை மேலே உயர்த்தி வழிவிடும்படி கட்டப்பட்டது. பாலத்தின் ஒரு முனையில் கடைத்தெருவும், சற்றுத் தள்ளி மீன்பிடித் துறைமுகமும். மறு முனையில் வில்லிங்டன் தீவும் கடற்படைத் தளமும். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்து வருகிறார்கள். மீன்பிடித் துறைமுகத்திலோ கன்னியாகுமரிக் கரையிலிருந்து வரும் படகுகளோடு தமிழ்ப்பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. இப்படி வந்து தங்கியவர்களில் படையில் பணிபுரிந்து விலகியவர்களும் உண்டு. அவர்களுடைய விதவைகளும் உண்டு.

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் எனக்கு, மாலை வேளைகளில் அண்டை அயலாருடைய காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையும் தானாக அமைந்துவிட்டது. ஒரு நாள் மாலை, அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் துணிப்பை ஒன்றுடன் வந்தார். அவருடைய கணவர் தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்தவர். மதராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் பணிபுரிந்து நாயக் பதவியில் ஓய்வு பெற்றவர். பின்னர்க் குடும்பத்தோடு தோப்பும்படிக்கு வந்து, தனியார் கிடங்கு ஒன்றில் காவற்காரராக இருந்து, காலமாகிவிட்டார். பையினுள்ளே டிஸ்சார்ஜ் புத்தகமும், மங்கிப்போன ஓய்வூதியக் கொடுப்பாணையும், வங்கிப் புத்தகமும், மாநகராட்சி வழங்கிய இறப்புச் சான்றும் இருந்தன.

"தம்பி, அவருக்கு வந்துகொண்டிருந்த பணத்தை இனி யாரிடம் போய்க் கேட்பது?" என்பதே அவருடைய கேள்வி.

ஏற்கெனவே அவர் கேளாமல் இருந்துவிடவில்லை. ஓரிடத்தில், "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்க் கேளுங்கள்" என்றார்களாம். ஊருக்குப் போனால், "நீங்கள் கேரளத்தில் அல்லவா குடியிருக்கிறீர்கள்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இரண்டு விடைகளிலும் ஓரளவு உண்மை இருந்தது என்பதுதான் இதில் வேதனை. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இதே குழப்பம் நேரக்கூடும். ஆதலால் அன்று அவருக்கு நான் சொன்னவற்றைச் சற்று விரிவாக இங்கே கூறுகிறேன்.

முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி அமைச்சகம் வைத்திருக்கும் நாடுகள் சில உள்ளன. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1916ஆம் ஆண்டில், பிரிட்டன் உபகாரச் சம்பளத்துக்கெனத் தனி அமைச்சகம் ஒன்றை ஏற்படுத்தியது. கனடா 1944இல் தனித்துறை கண்டது. அமெரிக்காவில் நெடுங்காலமாக இருந்துவந்த நிருவாக அமைப்பு 1989இல் மந்திரிசபை அந்தஸ்துடைய துறையாக உயர்த்தப்பட்டது. அந்நாடுகளில் ஊனமுற்ற சிப்பாய்க்கும், படித்துத் தொழில் தேட விரும்பும் சிப்பாய்க்கும், மாண்டவருடைய மனைவிக்கும் போய்ச் சேரவேண்டிய வாசல் பெரும்பாலும் ஒன்றே.

நம் நாட்டில் அவ்வாறு இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தில் அடங்கியுள்ள ஐந்து துறைகளுள் ஒன்றாக முன்னாள் படைவீரர் நலத்துறை விளங்குகிறது. அது தனித்துறையாக அமைந்ததும் அண்மைக் காலத்தில்தான். 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அது தோற்றுவிக்கப்பட்டது. துறை புதிதாயினும் அதன் கீழுள்ள அமைப்புகள் பழையவை. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தனர். போர் முடிந்து அவர்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய குறைகளைக் கவனிப்பதற்காக 1919இல் இந்தியச் சிப்பாய்கள் வாரியம் அமைக்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் 1975 முதல் கேந்திரீய சைனிக் போர்டு என்று வழங்கும் மைய வாரியம். மாவட்டங்களில் இருந்த கிளைகளை நம் ஊர்களில் 'சோல்ஜர் போர்டு' என்றே சொல்லி வந்தார்கள். தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்றும், கேரளத்தில் ஜில்லா சைனிக க்ஷேம ஆபீஸ் என்றும் இன்று பலகை தொங்குவது அதன் வாரிசுதான். பெயர்கள் வேறாயினும் செய்யும் வேலை ஒன்றே. எர்ணாகுளம் மாவட்டத்துக்கு உரியது காக்கநாட்டில், சிவில் ஸ்டேஷன் வளாகத்தில் இருக்கிறது.

தனி அமைச்சகம் வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. என்னைக் கேட்டால், தோப்பும்படி அம்மையாருக்கு டில்லியில் எத்தனை துறைகள் உள்ளன என்பது பெரிதன்று. தம் வீட்டிலிருந்து பேருந்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் தம் சொல்லைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறாரா என்பதே பெரிது. ஆயினும் பொறுப்புகள் பிரிந்து கிடப்பதால் வரும் இடர்ப்பாட்டை மறுப்பதற்கில்லை. பிரிந்து கிடக்கும் அப்பொறுப்புகளை மூன்று வாசல்களாக எண்ணிக்கொண்டால் வழி ஓரளவு தெளிவாகும்.

முதல் வாசல் ஆவணக் காப்பு அலுவலகம். படையினர் 'ரெக்கார்ட் ஆபீஸ்' என்பார்கள். ஒருவர் எந்த ரெஜிமெண்டில் அல்லது எந்தப் பிரிவில் பணிபுரிந்தாரோ அப்பிரிவின் அலுவலகத்தில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு முழுவதும் இருக்கும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் உள்ள வெல்லிங்டன், மதராஸ் எஞ்சினியர் குரூப்புக்குப் பெங்களூர், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படையினருக்குப் புதுடில்லி. ஓய்வு பெற்றவர் காசியில் குடியிருந்தாலும் கொச்சியில் குடியிருந்தாலும் இந்த வாசல் மாறுவதில்லை. அவர் சேர்ந்த நாள், விலகிய நாள், மனைவியின் பெயர், பிள்ளைகள் பிறந்த தேதி ஆகிய அனைத்துக்கும் மூலச் சாட்சி அவ்வலுவலகமே. மற்ற எல்லா அலுவலகங்களும் அதன் சொல்லைக் கேட்டே நடக்கின்றன.

இரண்டாவது வாசல் பணம் வழங்கும் வாசல். தரைப்படையினருடைய ஓய்வூதியத்தை மஞ்சூர் செய்வது, அலகாபாத் என்று நாம் அறிந்த பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம். கடற்படைக்கு மும்பையிலும் விமானப்படைக்குப் புதுடில்லியிலும் இவ்வேலை நடைபெறுகிறது. முன்னர் வங்கிகளும் ஓய்வூதியம் வழங்கும் தனி அலுவலகங்களும் பணத்தைக் கொடுத்து வந்தன. அண்மை ஆண்டுகளில் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி ஏற்பாட்டின் வழியே பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. இந்த வாசலும் மாநில எல்லையை அறியாது. தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குக் குடிபெயர்ந்ததனால் ஒருவருடைய ஓய்வூதியம் ஒரு காசும் குறைவதில்லை, நிற்பதும் இல்லை.

மூன்றாவது வாசல்தான் மேலே சொன்ன மாவட்ட அலுவலகம். இது மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. செலவில் 60 பங்கை மைய அரசும் 40 பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பது, வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்வது, மைய வாரியத்தின் உதவித் தொகைகளுக்கு மனுக்களைப் பரிந்துரைத்து அனுப்புவது, ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுவது ஆகியன இதன் வேலைகள். குழப்பம் பிறப்பது இங்கேதான். ஒருவர் ஊரில் பதிவு செய்துகொண்டு வெளிமாநிலத்தில் வசிக்கலாம். அப்படியானால் ஊரிலுள்ள அலுவலகத்தில் அவருடைய ஏடு இருக்கும். ஆள் இருக்க மாட்டார். வசிக்கும் ஊரின் அலுவலகத்தில் ஆள் நிற்பார், ஏடு இராது. இதற்குப் பரிகாரம் எளிது. பதிவை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்கு மாற்றித் தரும்படி மனுச் செய்துகொள்ள வழி இருக்கிறது. அது மாநிலம் கடந்தும் செல்லும்.

ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். மைய அரசின் உதவிகள் எந்த மாவட்டத்தின் வழியாகவும் கிடைக்கும். மாநில அரசுகள் தம் சொந்த நிதியிலிருந்து கொடுப்பவையோ அந்தந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கே உரியவை. தமிழ்நாட்டு அரசு தன் மாநிலத்துப் படைவீரர் குடும்பங்களுக்கு வழங்கும் கல்வி உதவியைக் கேரள அரசிடம் கேட்க இயலாது. ஊரில் வீடும் நிலமும் குடும்ப அட்டையும் வைத்துக்கொண்டு பிழைப்புக்காக மட்டும் வெளியே இருப்பவர், பதிவை ஊரிலேயே வைத்திருப்பது நலம். திரும்பிப் போகும் எண்ணமே இல்லாதவர், பேத்தி மலையாளத்திலேயே படிக்கிறாள் என்னும் நிலைக்கு வந்தவர், பதிவை இங்கே மாற்றிக்கொள்வது நலம். இரண்டு தோணியிலும் கால் வைப்பவர்களுக்கு அடையாள அட்டை புதுப்பிக்கும் நாளிலாவது தொல்லை வந்தே தீரும்.

அம்மையாரின் பைக்குத் திரும்புவோம். அவர் கேட்க வேண்டியது குடும்ப ஓய்வூதியம். கணவர் இயற்கையாகக் காலமானால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் 30 சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் சில காலம் உயர்ந்த விகிதமும் உண்டு: ஓய்வு பெற்றவர் இறந்தால் 7 ஆண்டுகள் வரையில், அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது நிரம்பும் நாள் வரையில், இவற்றில் எது முந்தியதோ அது வரையில் 50 சதவீதம். படைப்பணியின் காரணமாக உயிர் நீத்தால் 60 சதவீதம். போர்க்களத்திலும் அதனையொத்த நிலைகளிலும் உயிர் நீத்தால் சம்பளம் முழுவதும். குறைந்த அளவு ஓய்வூதியம் 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் ரூ. 9,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன் மேல் அகவிலை நிவாரணம் சேரும்.

பலர் அறியாத செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெறும்போது சிப்பாய்கள் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றி வாங்கிக்கொள்வதுண்டு. 'கம்யூட்டேஷன்' என்பது அதுவே. அதனால் மாதத் தொகை குறைந்து, 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் முழு அளவை அடையும். அவர் அப்படி முன்பணம் பெற்றுக்கொண்டதற்காக மனைவியின் குடும்ப ஓய்வூதியத்தில் எதுவும் பிடிப்பதில்லை. "அவர் வீடு கட்ட மொத்தமாக வாங்கிவிட்டாரே, எனக்கு என்ன மிச்சம் இருக்கும்?" என்று அந்த அம்மையார் அஞ்சிக்கொண்டிருந்தார். அந்த அச்சம் அன்று மாலையே தீர்ந்தது.

தீராதது வேறொன்று. ஓய்வூதியக் கொடுப்பாணையில் கணவன் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரும் இருக்கும். அவர் மறைந்தால் இறப்புச் சான்றைக் காட்டிய மாத்திரத்தில் அப்பெயருடையவருக்குப் பணம் தொடர வேண்டும். ஏற்பாடு அவ்வளவு எளிமையானதே. இவருடைய கொடுப்பாணையிலும் ஒரு பெயர் இருந்தது. அது அவருடைய பெயர்தான். ஆனால் தாய்வீட்டில் செல்லமாக அழைத்த பெயர். ஆதார் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பதோ அவருக்கு முறையாக இட்ட பெயர். திருமணமான புதிதில் கணவர் விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பி, எழுத்தரிடம் வாயால் சொல்லி எழுதிவைத்ததன் விளைவு இது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பெயர் வெல்லிங்டனில் ஓர் ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்தது; அவர் இறந்த பின்னரே விழித்தது.

தமிழர்களுக்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதை மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் சொல்லியாக வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் என்பது இல்லை. பெயருக்கு முன்னால் தந்தையின் பெயரெழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பெண்ணுக்குத் திருமணமானதும் அவ்வெழுத்து மாறிக் கணவருடைய எழுத்து வந்துவிடுகிறது. கேரளத்திலோ எழுத்தைப் பெயருக்குப் பின்னால் எழுதுவது வழக்கம். எனவே இங்கே எடுத்த சான்றுகளில் அது பின்னே போய்விடுகிறது. வடநாட்டு வழக்கத்தை ஒட்டி அச்சிட்ட படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதை வெற்றாக விடக்கூடாதென்று எழுத்தர் தந்தையின் பெயரை அங்கே இட்டு நிரப்பிவிடுவார். இத்தனைக்கும் மேலாக, லட்சுமி என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். தமிழ் ழகரம் ஆங்கிலத்தில் படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. மனிதர் படித்தால் ஒரே ஆள் என்று உணர்ந்துகொள்வார். கணினியோ ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்றுதான் கொள்ளும்.

படையில் இன்னும் பணிபுரிவோர் இதைத் திருத்திக்கொள்வது எளிது. திருமணம், குழந்தை பிறப்பு, பெயர்த் திருத்தம் ஆகியவற்றைப் பிரிவின் அலுவலகத்தில் சான்றுடன் அறிவித்தால் அவை ஆணையாக வெளியிடப்பட்டு ஏட்டில் ஏறும். 'பார்ட் டூ ஆர்டர்' என்று படையினர் குறிப்பிடுவது இதனையே. ஓய்வு பெற்றுவிட்டவர் உயிரோடிருக்கையில் திருத்துவதும் பெரிய சிரமமன்று. தம் கையெழுத்தில் மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்து, மாவட்ட அலுவலகத்தின் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினால், திருத்திய கொடுப்பாணை வரும். அவர் மறைந்துவிட்ட பிறகு, "இவள்தான் என் மனைவி" என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி இல்லாமற்போகிறார். பின்னர்க் காகிதங்களைக் கொண்டே அச்சாட்சியத்தை ஈடு செய்ய வேண்டியிருக்கிறது.

இவருடைய விஷயத்தில் என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்னும் சான்றிதழ் கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸரிடம் கிடைக்கும். அதை முதலில் பெற்றோம். நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதப்பட்டது. ஊர்க் கோவிலில் நடந்த திருமணம் பதிவு செய்யப்படாததால், வேறு சான்று தேட வேண்டியிருந்தது. மூத்த மகனுடைய பள்ளிச் சான்றிதழில் தாயின் பெயர் முறையான பெயராகவே இருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அதே மகனின் பிறந்த தேதி எழுதப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஐயம் எழ வழியில்லை. மனுவில் இதனை ஒரு பத்தியாக விளக்கி, காக்கநாடு வழியாக வெல்லிங்டனுக்கு அனுப்பினோம். காகிதம் ஒருமுறை திரும்பி வந்தது. கையொப்பம் ஓரிடத்தில் விடுபட்டிருந்தது. மீண்டும் அனுப்பினோம்.

பதினொரு மாதங்கள் சென்றன. அந்தப் பதினொரு மாதங்களும் அவர் மீன்பிடித் துறைமுகத்தில் இறால் உரிக்கும் வேலைக்குப் போய்வந்தார். ஐஸ் நீரில் விரல்கள் வெளுத்து வெடித்துப்போயிருந்தன. உரிமை என்று சட்டம் சொல்லும் பணம், கைக்கு வந்து சேரும் வரையில் அடுப்பெரிக்க உதவாது. குடும்ப ஓய்வூதியம் இறந்த நாளுக்கு மறுநாள் முதற்கொண்டே கணக்கிடப்படுவதால் பாக்கித் தொகை முழுவதும் ஒரே நாளில் வந்தது என்பது உண்மைதான். ஆயினும் மகளின் பிரசவத்துக்காக அடகு வைத்த நகை அதற்குள் ஏலத்தில் போய்விட்டது.

இனி, ஓய்வூதியம் பற்றி மற்றொரு விஷயம். ஒரே பதவியில் ஒரே கால அளவு பணிபுரிந்தவர்கள், முன்னே ஓய்வு பெற்றாலும் பின்னே ஓய்வு பெற்றாலும் சமமான ஓய்வூதியம் பெற வேண்டும் என்ற நெடுநாளைய கோரிக்கையை ஒட்டி, 2015ஆம் ஆண்டு நவம்பரில் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' என்னும் ஆணை பிறந்தது. 2014 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை திருத்தப்படும் என்ற விதிப்படி, 2019 ஜூலையிலிருந்தும் 2024 ஜூலையிலிருந்தும் திருத்தங்கள் கணக்கிடப்பட்டன. குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய கொடுப்பாணையில் உள்ள தொகையே இன்றைக்கும் தொகை என்று யாரும் எண்ணிவிடலாகாது.

ஆண்டுக்கொரு முறை உயிரோடிருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் மறந்துவிடுவோர் பலர். இதற்காக ஊருக்குப் போகவேண்டியதில்லை. 2014 முதல் கணினி வழிச் சான்று முறை வந்துவிட்டது. கேரளத்தில் அக்ஷயா மையங்களிலேயே விரல் ரேகை வைத்துச் சான்று அனுப்பலாம். இறால் உரித்துத் தேய்ந்த விரல் ரேகையைக் கருவி ஏற்காவிடில், கண்ணையோ முகத்தையோ காட்டிச் செய்யும் முறையும் உண்டு.

மருத்துவத்துக்கு 2003 ஏப்ரல் முதல் நடந்துவரும் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, 'ஈ.சி.எச்.எஸ்.' என்பது அதுதான். ஓய்வூதியம் பெறுவோரும், அவர்கள் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் பெறுவோரும் இதில் சேரலாம். நாடெங்கும் 400க்கு மேற்பட்ட மருத்துவ நிலையங்கள் உள்ளன, கொச்சியிலும் உண்டு. அட்டை தமிழ்நாட்டில் பெற்றதாயினும் இங்கே சிகிச்சை மறுக்கப்படாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஓய்வூதியம் உள்ளவர்களைப் பற்றியது. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டுகள் பணிபுரிந்திருக்க வேண்டும். அவ்வளவு காலம் இல்லாமல் வெளிவந்தவர்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் இந்திய இராணுவத்தில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். போர் முடிந்ததும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் சில ஆண்டுப் பணியோடு, ஓய்வூதியமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பர்மாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நின்றவர்கள் ஊரில் கூலி வேலைக்குப் போனார்கள். தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மாநில அரசுகள் பிற்காலத்தில் அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாத உதவி வழங்க முன்வந்தன.

பின்னர்ப் படையில் சேர்ந்து ஓய்வூதியத் தகுதி பெறாமல் வந்து, 65 வயதைக் கடந்து வறுமையில் வாழும் ஹவில்தார் பதவி வரையிலுள்ளவர்களுக்கும், அத்தகையோரின் விதவைகளுக்கும் மைய வாரியம் மாதந்தோறும் வறுமை நிவாரணம் கொடுக்கிறது. மாதம் ரூ. 4,000 ஆக இருந்த அத்தொகையை 2025 அக்டோபரில் ரூ. 8,000 ஆக உயர்த்தினார்கள். நவம்பர் முதல் தேதியிலிருந்து கொடுக்கும் மனுக்களுக்கு அது பொருந்தும் என்றார்கள். அப்போதே பிள்ளைகளின் கல்விக்கு மாதம் ரூ. 1,000 என்பது ரூ. 2,000 ஆகவும், மகளின் திருமணத்துக்கு ரூ. 50,000 என்பது ஒரு லட்சமாகவும் இரட்டிப்பாயின. டிசம்பர் 7ஆம் நாள் நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய கொடிக்குப் போடும் காசு இந்த நிதியில் போய்ச் சேருகிறது. 1949 முதல் நடந்துவரும் வழக்கம் அது.

இவர்கள் மனுச் செய்ய டிஸ்சார்ஜ் புத்தகம் இன்றியமையாதது. ஓய்வூதியம் பெறுவோரின் ஆவணங்களைக் காப்பதுபோல் மற்றவர்களுடையவற்றை என்றென்றும் காப்பதில்லை. 25 ஆண்டுகளுக்குப் பின் அவற்றைக் கழித்துவிடுவது விதி. ஆகவே ரெக்கார்ட் ஆபீஸில் எல்லாம் இருக்கும் என்று நம்பி, வீட்டிலுள்ள பழைய புத்தகத்தைக் கரையானுக்கு விட்டுவிடுவது பெருந்தவறு. கேரளத்து மழையில் காகிதம் என்ன பாடுபடும் என்பதை இங்கே இரண்டு இடவப்பாதி கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படையிலிருந்து வெளிவருகின்றனர். பலருக்கு நாற்பது வயதுகூட ஆகியிராது. மைய அரசின் 'சி' பிரிவுப் பணியிடங்களில் 10 சதவீதம் இவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அதற்கு மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்திருத்தல் நன்று. ஓய்வூதியத் தகுதி பெறுமுன் தாமே வேண்டிக்கொண்டு விலகியவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்னும் தகுதி கிட்டுவதில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி நான்காண்டுக்குச் சேருவோருக்கும், அவர்களில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படும் 25 சதவீதம் வரையிலானோர் நீங்கலாக, ஓய்வூதியமோ அத்தகுதியோ இல்லை. ஒரு மொத்தத் தொகை மட்டுமே உண்டு. பிள்ளையைப் படைக்கு அனுப்பும் பெற்றோர் இவ்வேறுபாட்டை முன்னரே தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கும் முறையீடு பலிக்கவில்லையென்றால் என்ன செய்வது? 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அமைந்திருக்கிறது. அதற்குச் சென்னையிலும் கொச்சியிலும் அமர்வுகள் உண்டு. ஓய்வு பெற்றவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே வழக்குத் தொடரலாம். தோப்பும்படியில் வசிப்பவர் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை.

மொழி தெரியாதே என்று தயங்குவோருக்கு என் தொழிலை ஒட்டிய ஒரு செய்தி. அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றிய அதிகாரிக்காயின் ஒன்றியத்தில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அதிகாரிக்காயின் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க உரிமை தருகிறது. தமிழில் எழுதிய மனுவை, தமிழில் எழுதியது என்ற காரணத்துக்காகவே ஒருவர் தள்ளிவிட முடியாது. ஆனால் அனுபவத்தில் கண்டது யாதெனில், மனு தமிழில் இருந்தாலும் பெயர்களையும் பதவி எண்ணையும் தேதிகளையும் ஆங்கிலத்தில், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதிவிட்டால் வேலை விரைந்து நடக்கிறது.

அந்த அம்மையார் இப்போது இறால் உரிக்கப் போவதில்லை. ஆனால் சென்ற மாதம் வேறொருவரை அழைத்து வந்தார். கடற்படையில் இருக்கும் பையனை அண்மையில் மணந்துகொண்ட பெண். "இவள் பெயரை இப்போதே சரியாக எழுதிக் கொடுங்கள், தம்பி" என்றார். எழுதிக் கொடுத்தேன். திருமணச் சான்றில் ஓர் எழுத்து, ஆதாரில் ஓர் எழுத்து. முதலில் ஆதாரைத் திருத்தி வரச்சொல்லி அனுப்பினேன்.

காக்கநாட்டுக்குப் போகிறவர்கள் காலையிலேயே புறப்படுவது நல்லது; பாலத்தில் நெரிசல் அதிகம். கொடுப்பாணை, டிஸ்சார்ஜ் புத்தகம், இறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றில் மும்மூன்று நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதிகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம். அங்கே கொடுத்துவிட்டு வரக்கூடாது.